வைட்டமின் டப்பா

"வாயைத் தொற. நாக்கைத் தூக்கு. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... சரி, போ."

தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கல்லூரியில் படிக்கும் மகள் மாத்திரையை விழுங்கியதும் இந்தச் சோதனை நடக்கும். பேருந்துகளில் ஏறிப் பயணச்சீட்டு சோதிப்பது அப்பாவின் வேலை. தெருவில் அவருக்குப் பெயரே செக்கர்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். "உள்ளதான்பா போச்சு. வேணும்னா வயித்தையும் தொறந்து பாரு" என்பாள் மகள். செக்கர் சிரிக்கமாட்டார். பணியில் இருக்கும்போது சிரிக்கும் வழக்கம் அவருக்கில்லை.

முகத்தைப் பார்த்தே ஓசிப் பயணியைக் கண்டுபிடித்துவிடுவார். ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்குவதுபோல் நடிப்பவனை ஒற்றை விரலால் தட்டி, "தூங்குறவன் வாய் இவ்வளவு இறுக்கமாவா மூடியிருக்கும்?" என்பார். பொய் என்றாலே அவருக்கு அப்படியோர் எரிச்சல்.

அந்த மாத்திரைகளை வாங்கிவந்த கையோடு அட்டையிலிருந்து பிதுக்கி வைட்டமின் டப்பாவில் கொட்டி, அட்டையைப் பொடிப்பொடியாக வெட்டிக் குப்பையில் போடுகிறவரும் இவரேதான். "நாலு பேரு வந்து போற வீடு" என்பார். போன வருடம் மகள் கதவைச் சாத்திக்கொண்டு, குளிக்காமல், பேசாமல் சுவரையே பார்த்துக் கிடந்தாள். இப்போது குளியலறையில் கர்ண கடூரமாகப் பாடுகிறாள். "காது கிழியுது" என்று கத்துவார். பாட்டு நின்றால் பதறிப்போய்க் கதவருகே நிற்பார். மாத்திரை வேண்டும், அது ஊருக்குத் தெரியக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்திருந்தார். ஓசியில் கிடைத்தால் எதையும் விடாத மனுஷி. மதியச் சாப்பாடு முடிந்ததும், "முட்டி வலிக்குது, ஒரு வைட்டமின் போட்டுக்கறேன்" என்று டப்பாவைத் திறந்தார். செக்கர் கை கழுவிவிட்டு வருவதற்குள் விழுங்கியாயிற்று. கொஞ்ச நேரத்தில் சோபாவிலேயே குறட்டை. இது நடிப்பில்லை.

செக்கர் பால்கனிக்கு ஓடி மகளின் மருத்துவரை அழைத்தார். கைப்பேசியில் அவர் 'பல் டாக்டர்' என்ற பெயரில் இருக்கிறார். "ஒரு... சத்து மாத்திரை மாதிரி..." என்று இழுத்ததில் அந்தப் பக்கம் ஒன்றும் புரியவில்லை. மகள் கைப்பேசியை வாங்கி விவரத்தைச் சொன்னாள். ஒன்றுதானே, தூங்கட்டும், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

சாயங்காலம் அக்கா எழுந்தார். "என்னடா மாத்திரை இது? இப்படித் தூங்கி எத்தனை காலமாச்சு. எந்தக் கடையில வாங்கின?"

"அது... வெளிநாட்டுச் சரக்கு, இங்க கெடைக்காது."

"அது வைட்டமினே இல்ல அத்தை" என்றாள் மகள். "என் மாத்திரை. போன வருஷம் எனக்கு மனசு சரியில்லாம போச்சு. இப்ப இதுலதான் நல்லா இருக்கேன். அப்பாதான் டப்பாவை மாத்தி வெச்சிருக்காரு."

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் எப்படி நிற்பார்கள் என்று செக்கருக்குத் தெரியும். அப்படியே நின்றார்.

அக்கா கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, "எங்க சின்னவனும் ரூமை விட்டு வெளியவே வர்றதில்லடா" என்றார். "பரீட்சைக்குப் படிக்கிறான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அந்த டாக்டர் நம்பர் இருந்தா குடேன்."

செக்கர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அக்காவின் உள்ளங்கையைப் பிடித்து எண்ணை எழுதினார். அதற்குக் கீழே 'மனநல மருத்துவர்' என்று முழுசாக எழுதி, மை காயட்டும் என்று ஊதினார்.