எல்லாம் அடங்கிய மூன்று நாள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் கடல் இருக்கிறது. மரைன் டிரைவையும் ரயில் தண்டவாளத்தையும் கடந்தால் பாறை, பாறையைத் தாண்டினால் தண்ணீர். அப்படியிருந்தும், கடல் பார்ப்பதற்காகக் காலி வீதியில் இரண்டரை மணித்தியாலம் வான் வண்டியில் குலுங்கிப் போன முட்டாள்களில் நானும் ஒருத்தி.

கனடாவிலிருந்து வந்த என் தம்பியின் ஏற்பாடு அது. மனைவி, பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு மூன்று கிழமை லீவில் தனியே வந்திருந்தான். தென்கரையில் ஒரு ரிசோர்ட்டில் மூன்று நாளுக்கு அறைகளைப் பதிவு செய்த பிறகுதான் எங்களிடம் சொன்னான்.

"ஓல் இன்க்ளூசிவ் அக்கா. சாப்பாடு, குடி, தேத்தண்ணி, நீச்சல் எல்லாம் உள்ளுக்க. நீங்கள் மூண்டு பேரும் கையை வீசிக்கொண்டு வந்தாச் சரி."

என் கணவர் கந்தோரில் லீவு இல்லையென்று தப்பித்துக்கொண்டார். அவர் கேட்கவேயில்லை என்பது எனக்குத் தெரியும். மிஞ்சியது நானும் பெரியக்காவும். பெரியக்கா எங்களுக்கு மூத்தவர், கல்யாணம் கட்டாதவர். பதினெட்டு வருடமாக எங்களோடு இருக்கிறார். நான் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போக, வீட்டுச் சமையல் முழுக்க அவர் கையில். யாரும் ஒப்படைத்ததாக நினைவில்லை, அப்படியே ஆகிவிட்டது.

ரிசோர்ட்டில் இறங்கியதும், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கட்டுவதுபோல எங்கள் மணிக்கட்டில் ஊதா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாடாவை ஒட்டினார்கள். குளிக்கும்போதும் கழற்றக் கூடாதாம். அதன்பிறகு யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

பிறகு தின்னத் தொடங்கினோம். ஏழு மணிக்குக் காலைச் சாப்பாடு, பதினொன்றுக்குக் கேக், ஒரு மணிக்குப் பகல் சாப்பாடு, நாலுக்குப் பற்றீஸ், ஏழுக்கு மறுபடியும். பசி என்ற ஒன்று எட்டிப்பார்க்கக்கூட அவர்கள் இடம் வைக்கவில்லை. மீன் குழம்பு என்று எழுதியிருந்த சட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் ஏதோ கிடந்தது. உறைப்பும் இல்லை, புளியும் இல்லை. மீன் எதற்காகச் செத்ததோ தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஐந்து வகை இனிப்பை ஒவ்வொரு கடி கடித்துவிட்டு அப்படியே எழும்பிப் போனார். என் தம்பியும் சளைத்தவனல்ல. ஒவ்வொரு தடவையும் இரண்டு கோப்பையில் சாப்பாடு நிரப்பிக்கொண்டு வந்தான்.

"வெளியில ரவுணுக்கு ஒருக்காப் போய்ப் பாப்பமோ?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு அக்கா? அதுதான் எல்லாம் இஞ்சையே இருக்கே."

எல்லாம் என்பதற்குள் அந்த ஊர் அடங்கவில்லை.

இரண்டாம் நாள் காலை பெரியக்கா நீச்சல் தடாகத்தில் இறங்க ஆசைப்பட்டார். அவருக்கு அறுபத்தொரு வயது. அப்படியொன்றில் அதுவரை கால் வைத்ததில்லை. பழைய சல்வாரோடு முதல் படியில் இறங்கியதும் காவலாளி விசில் ஊதினான். நீச்சல் உடுப்பு இல்லாமல் இறங்கக் கூடாதாம். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டி அவனோடு சண்டை போட்டேன். "பே மிஸ், பே," என்று முடியாதென்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். தம்பி சாய்வு நாற்காலியில் கிளாசோடு கிடந்தபடி, "விடுங்கோ அக்கா. ரூல்ஸ் எண்டா ரூல்ஸ்தானே," என்றான்.

"உனக்கு வெக்கமா இல்லையோ?" என்றேன்.

பெரியக்கா என் கையைப் பிடித்தார். "சண்டை பிடியாதை. வா, கடலுக்குப் போவம்."

ரிசோர்ட்டின் எல்லையாகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போனோம். அங்கே உடுப்பைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. ஒரு அலை எங்கள் இருவரையும் சேர்த்து உருட்டிவிட்டது. பெரியக்கா மணலில் குந்தியிருந்து, வாயில் போன உப்புத் தண்ணியைத் துப்பித் துப்பிச் சிரித்தார். அந்த மூன்று நாளில் எனக்கு உண்மையாகவே பிடித்திருந்த ஒரு மணித்தியாலம் அதுதான்.

மூன்றாம் நாள் காலை தம்பி எழும்பவில்லை. வயிறு பிய்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும்தான் சாப்பிடப் போனோம். அப்பம் சுடுகிறவரிடம் பெரியக்கா முட்டை அப்பம் கேட்டார். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கரை முறுகேல்லை."

"சரிங்கம்மா, வேற ஊத்தித் தர்றேங்க," என்றார் அவர். மலையகத்துக்காரர், பொறுமையானவர். இரண்டாவதும் திரும்பிப் போனது. மூன்றாவது நடுவில் வேகவில்லையாம்.

"பாவம் அக்கா அந்த மனிசன், விடுங்கோ," என்று காதுக்குள் சொன்னேன்.

"எனக்கு இப்பிடிச் சொல்லேக்க நான் வேற சுட்டுத் தாறனான்தானே? அவரும் தரட்டும்."

இடியப்பம் காய்ந்துவிட்டது, சொதிக்கு உப்புக் காணாது என்று பெரியக்காவிடம் காலையில் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் நானும் என் கணவரும்தான். நாலாவது அப்பத்தைப் பெரியக்கா மெதுவாக, ஒரு ராணியைப்போல உட்கார்ந்து சாப்பிட்டார்.

தம்பிக்குக் கஞ்சி தேவைப்பட்டது. அத்தனை சட்டிகளில் ஒன்றிலும் கஞ்சி இல்லை. டாக்டரைக் கூப்பிடுவதும் 'எல்லாம்' என்பதற்குள் வராதாம். கடைசியில் அந்த அப்பக்காரர்தான் ஊழியர்களின் குசினியிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். அவர் கையில் நாடா இல்லை.

திரும்பி வரும் வழியில் தம்பி முன் சீற்றில் சுருண்டு கிடந்தான். நான் பெரியக்காவிடம் கேட்டேன், "திருப்பியும் இப்பிடியொரு இடத்துக்குப் போவீங்களோ?"

"ஓம்."

"இந்தச் சாப்பாட்டுக்கோ?"

"சாப்பாடு குப்பை. ஆனா நாளைக்கு என்ன சமைக்கிறதெண்டு மூண்டு நாள் நான் யோசிக்கேல்லை."

அந்த ரிசோர்ட்டுக்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். அதற்குக்கூட அந்தத் தோட்டமும் தடாகமும் தேவையில்லை. நான் பதினெட்டு வருடத்துக்கு முன் ஒருநாள் காலை கொஞ்சம் முந்தி எழும்பியிருந்தால் போதும்.

இப்போது சனி, ஞாயிறு சமையல் என்னுடையது. கணவர் முதல் இரண்டு கிழமை முணுமுணுத்தார். பிறகு தேங்காய் துருவப் பழகிக்கொண்டார். வயிறு சரியானதும் தம்பி எல்லாவற்றையும் மறந்துவிட்டான். அடுத்த வருடம் ஐந்து நாள் என்று போனில் சொல்கிறான். பெரியக்கா சம்மதித்துவிட்டார், ஒரு நீச்சல் உடுப்பும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். நான் போகமாட்டேன்.