பிரியாக் கணக்கு

ஆயர் ஈத்தாம் என்ற ஊருக்குப் போகும் செம்மண் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், இருபத்திரண்டு ஆண்டுகளாக எந்தத் திருமணத்துக்கும் மாரியம்மன் நேராகச் சம்மதம் கொடுத்ததில்லை. ஒவ்வொரு முறையும் கிடாய் கேட்டாள். கேட்டது அம்மனா, பூசாரி அய்யாவுவா என்று நினைக்க அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. "இந்த மண்ணுக்கே தோசம்" என்று தலையில் அடித்துக்கொண்டு ஆட்டை ஓட்டி வந்தார்கள்.

அய்யாவு வைத்த சோதனை இது. பெண் வீட்டார் ஒரு பிடி ரப்பர் கொட்டை வைக்க வேண்டும்; மாப்பிள்ளை வீட்டார் ஒரு பிடி. இரண்டுமே சம வரிசைகளாகப் பிரியாத எண்ணாக இருக்க வேண்டும். ஒன்பது ஆகாது, மும்மூன்றாகப் பிரிந்துவிடும். ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகும். பிரியாத எண் வைத்தால் குடும்பம் பிரியாதாம். பிறகு இரண்டையும் ஒன்றாகக் கூட்டுவார். ஒற்றைப்படை வந்தால் அம்மன் சம்மதம். இரட்டைப்படை வந்தால் பாதியாகப் பிளக்கும், தாலி நிற்காது. கிடாய் வெட்டித்தான் கழிக்க வேண்டும்.

1911இல் வெள்ளையம்மாவுக்கும் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வீரமுத்துவுக்கும் பேசினார்கள். இவள் வீட்டில் ஏழு, அவன் வீட்டில் பதினொன்று. பதினெட்டு. அவள் அப்பனிடம் இரண்டு கோழிகள்தான் இருந்தன. சம்பந்தம் முறிந்தது. மறு ஆண்டு வீரமுத்து வேறொருத்தியைக் கட்டினான். அங்கேயும் இரட்டைதான், ஆனால் அங்கே கிடாய் இருந்தது. அம்மன் தள்ளிய பெண்ணை அதன்பின் யாரும் கேட்டு வரவில்லை.

நாற்றுமேடையில் கொட்டை பதிப்பது அவளுடைய வேலை. வரிசைகள் சமமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கங்காணி கத்துவார். இருபது ஆண்டு அதே வேலை. எந்த எண் வரிசையில் விழும், எது விழாது என்பது எழுத்தறியாத அவளுடைய விரல்களுக்குத் தெரியும்.

1933இல் அவள் தம்பி லெட்சுமணனின் மகள் ராஜம்மாவை வீரமுத்துவின் மகன் வேலுவுக்குக் கேட்டார்கள். விதியின் விளையாட்டு என்றார்கள். விதியும் இல்லை, விளையாட்டும் இல்லை. ஒரே தோட்டத்தில் அடைத்து வைத்தால் அதே நாலு வீடுகளுக்குள்தான் பெண் கொடுக்க முடியும். லெட்சுமணனிடமும் கிடாய் இல்லை. ராஜம்மாவோ வேலுவைத் தவிர வேறு யாரையும் நினைத்தும் பார்த்தவள் அல்ல.

அந்த வாரம் இரண்டு கூடைகளின் மிச்சக் கொட்டைகளை வெள்ளையம்மா ஜோடி ஜோடியாக அடுக்கினாள். ஒன்றில் பதின்மூன்று, ஒன்றில் பதினேழு. அங்கே ஒன்று மிஞ்சியது, இங்கே ஒன்று மிஞ்சியது. மிஞ்சிய இரண்டும் ஜோடி சேர்ந்தன. ஏழும் பதினொன்றும் எடுத்தாள். அப்படியே. பிரியாத எண்ணை இரண்டிரண்டாக அடுக்கினால் ஒன்று மிஞ்சியே தீரும். மிஞ்சாவிட்டால் அது இரண்டு சம வரிசையாகப் பிரிந்துவிடுமே! இரு பக்கத்து மிச்சமும் சேர்ந்தால் இரட்டை. யார் எதை வைத்தாலும் இரட்டை. அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே ஒரு எண் தப்பியது. இரண்டு. அது பிரியாதது, ஆனால் ஜோடியில் ஒன்றும் மிஞ்சாதது. நல்ல காரியத்துக்கு இரட்டை ஆகாதென்று யாரும் அதை வைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் பதின்மூன்று வைத்தார்கள். வெள்ளையம்மா மடியிலிருந்து இரண்டே கொட்டைகளை எடுத்து வைத்தாள்.

"என்னாக்கா, கொட்டைக்குமா பஞ்சம்?" என்று யாரோ சிரித்தார்கள்.

அய்யாவு எண்ணினார். பதினைந்து. மறுபடியும் எண்ணினார்.

"ரெண்டு செல்லாது. இங்க ஒன்னு, அங்க ஒன்னுன்னு பிரிஞ்சிரும்."

"அப்படிப் பாத்தா மூனுந்தான் ஒன்னு ஒன்னாப் பிரியும், பூசாரி. ஏழும் பிரியும். அதையெல்லாம் வாங்கிக்கிட்டீங்களே? ஒத்தக் கொட்டைய வரிசையின்னு நீங்க என்னைக்கும் சொன்னதில்ல. ரெண்ட எப்படி வரிசையாப் பிரிப்பீங்க, காட்டுங்க."

அய்யாவு இரண்டு கொட்டைகளையும் விரலால் தள்ளிப் பார்த்தார். வெள்ளையம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இத்தினி வருசத்துல ஒரு தடவையாச்சும் ஒத்தை விழுந்திச்சா? விழாது. அஞ்சும் பதினேழும் வைங்க, எரட்டைதான். வேலு அப்பா, நீங்களே சொல்லுங்க. ஒங்க கல்யாணத்துல என்னா விழுந்திச்சு?"

வீரமுத்து காலடி மண்ணைப் பார்த்தான். "எரட்டைதான். கெடா குடுத்தோம்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அய்யாவு துண்டை உதறினார்.

"தாலி ஏறாத கட்டை தொட்ட கொட்டை! அதான் தாறுமாறா விழுது. மாத்தி வைங்க!"

சலசலப்பு அடங்கியது. அவள் கழுத்தில் தாலி ஏறவிடாமல் செய்தது அய்யாவுவின் கணக்கு. தாலி ஏறாதவள் என்று சொல்லியே அவர் அவளுடைய கணக்கைத் தள்ளினார். கூட்டமும் தலையாட்டியது. வெள்ளையம்மா வீரமுத்துவைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"விடுக்கா, ஆத்தா கோவிச்சுக்குவா" என்று லெட்சுமணன் அந்த இரண்டு கொட்டைகளையும் அவள் கையில் திணித்துவிட்டு ஏழு வைத்தான்.

இருபது.

ராஜம்மா எழுந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை நோக்கி நடந்தாள். வேலு இரண்டு அடி பின்னால் போனான். அப்பன் கூப்பிட்டதும் நின்றுவிட்டான்.

நாலு ஆண்டு கழித்து வெள்ளையம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். சோதனை இன்னும் நடக்கிறது. ஒரு விதி மட்டும் கூடியிருக்கிறது: இரண்டு வைக்கக் கூடாது. அவள் கண்டது சரி என்று அந்தத் தோட்டத்தில் ஒப்புக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். அந்த விதியைச் சேர்த்த பூசாரி.