திருஷ்டி பொம்மை தின்ற இடம்

புனிதாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அது தெரியாமல் அவளிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் திண்டிவனத்தில் நிறையப் பேர். ஓமந்தூர்க்காரி. நானும் அவளும் ஒரே கண்காணிப்புக் கேமரா கடையில் வேலை. ஏணியும் ஒயரும் என் பாடு, பதிவுப் பெட்டிகள் அவள் பாடு.

நிலக்கடலை மூட்டைகள் வந்து இறங்கும் மல்லாட்டை மண்டி ஒன்றுக்கு அவள் பெரிய பெட்டியாக வைத்திருந்தாள், வரிசையாக ஹார்டு டிஸ்குகளோடு. அந்த மண்டியில்தான் முதலாளி மகன் வல்லரசு, மூட்டை தூக்கும் சின்னக்கண்ணுவைத் திருடன் என்று சொல்லி இரும்புக் கொக்கியால் அடித்தான். பட்டப்பகலில். வலது கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகும் அந்த நாய் நிறுத்தவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். மூட்டை சரிந்து விழுந்தது என்று மண்டியில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். வழக்குக்கு மிஞ்சியது கேமரா பதிவு ஒன்றுதான்.

போலீஸ் கேட்டதும் புனிதா பெட்டியைத் திறந்தாள். அடி விழுந்ததற்கு முந்தைய வாரமே பதிவு நின்றிருந்தது. திரையில் 'இடமில்லை' என்று ஒரு வரி. டிஸ்குகளிலோ பாதிக்கு மேல் காலி.

சின்னக்கண்ணுவின் மனைவி செண்பகம் செருப்பைக் கழற்றிப் புனிதாவின் வாயிலேயே அடித்தாள். உதடு கிழிந்தது.

"பாதி காலியா கெடக்குதுன்ற, இடமில்லன்னும் சொல்ற. யாருக்கோசரம்டி அழிச்ச?"

"நான் அழிக்கலக்கா. ஏன் நின்னுச்சின்னு பாத்துக்கினு வர்றேன். அப்பறமும் அடிக்கணும்னா அடிங்க."

மறுநாள் காலையே மண்டி அறையில் உட்கார்ந்து காரணத்தைப் பிடித்துவிட்டாள். எனக்குப் பந்தியை வைத்து விளக்கினாள். அண்டா நிறையச் சோறு இருக்கிறது, இலை தீர்ந்துவிட்டது. ஒரு கோப்புக்கு ஒரு இலை. பெரிய வீடியோவானாலும் ஒன்றுதான், சின்னப் போட்டோவானாலும் ஒன்றுதான். எத்தனை இலை என்பது பெட்டியை அமைத்த அன்றே முடிவாகிவிடும். பிறகு கூட்ட முடியாது.

இலைகளைத் தின்றது வாசல் கேமரா. எது அசைந்தாலும் ஒரு போட்டோ எடுத்து வைக்கும். அதற்கு நேர் எதிரே யாரோ திருஷ்டி பொம்மையைக் கட்டியிருந்தார்கள். காற்றில் அது ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு போட்டோ. கோடிக்கணக்கில் கோரைப்பல்லும் தொங்கிய நாக்கும்தான்.

எழுதாத பதிவை எங்கிருந்து எடுப்பது? ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் பொம்மைப் படங்களை அழித்தாள். பதிவு மறுபடி ஓடத் தொடங்கியது. பொம்மையை அவிழ்க்க நான் வாசலுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து வல்லரசு கொக்கியோடு அறைக்குள் நுழைந்தான்.

"பதிவே ஆவாத பொட்டி முன்னாடி குந்திக்கினு இன்னா பண்ற?"

"அவரு கைய நீங்கதான் ஒடச்சீங்களா?" அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"ஆமா, நான்தான் ஒடச்சேன். இதே கொக்கி. ஒனக்கும் வேணுமா?"

அவள் வலது கையை மேசையில் அழுத்திப் பிடித்து விரல்கள் மேல் கொக்கியை இறக்கினான். இரண்டாம் முறையும் இறக்கினான். பிறகு எதிரே இருந்த டிவியில் தன் உருவமே அசைவதைப் பார்த்து அதை அடித்து நொறுக்கினான். பதிவெல்லாம் டிவிக்குள் இருக்கிறது என்று நினைத்திருக்கிறான், மடையன். பெட்டி பரண்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறைக்கும் கேமரா உண்டு, மைக்கோடு.

புனிதா கத்தவே இல்லை. டிவி நொறுங்கிய சத்தம் கேட்டுத்தான் நான் ஓடி வந்தேன்.

அவன் வாயால் சொன்னதை வைத்தே வல்லரசை உள்ளே தள்ளினார்கள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில், விரல்களில் கட்டோடு பார்க்க வந்த புனிதாவுக்குச் செண்பகம் கேப்பைக் கூழ் ஊட்டிவிட்டாள். கட்டிலில் கிடந்த சின்னக்கண்ணு கேட்டார்: "மொதல்ல பதிவு ஏம்மா நின்னுச்சி?"

"பொட்டி பழசுண்ணா," என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோடிப் படங்களில் முதல் படத்தை மட்டும் அவள் அழிக்கவில்லை, போனில் வைத்திருக்கிறாள். மண்டிக்குக் கண்ணுபடக் கூடாதென்று சின்னக்கண்ணு ஏணிமேல் நின்று பொம்மையைக் கட்டுகிறார். வலது கையால் முடிச்சை இறுக்கிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.