தாழை ஊற்று

நேற்று ஸ்ரீரங்கத்தில் பூக்காரி கூடையைத் திறந்ததும் தாழம்பூ வாசனை வந்தது. அந்த வாசனையோடு நான் மருங்காபுரிப் பக்கம் எங்கள் ஊருக்கே போய்விட்டேன்.

எங்களுடையது காய்ந்த பூமி. ஓடைக்கரை ஊற்றில் மட்டும் கோடையிலும் தண்ணீர் நிற்கும். சுற்றியிருந்த தாழைப்புதர், உள்ளே நீந்தும் குட்டி மீன்கள், தாகத்துக்கு வரும் மயில்கள், எங்கள் வீட்டுக் குடம், எல்லாம் அதை நம்பித்தான்.

எனக்கு எட்டு வயதிருக்கும். மிளகாய்க்கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்ச அப்பா அந்த ஊற்றில் ஆயில் எஞ்சினைப் பூட்டினார். கொட்டும் தண்ணீரில் பிள்ளைகள் ஆடித் தீர்த்தோம். மத்தியானத்துக்குள் ஊற்று சேறாகி, மீன்கள் துடித்தன. தண்ணீர் எடுக்க வந்த அம்மா வெறுங்குடத்தை அப்பா முன்னால் வைத்தாள்.

"உலை வைக்கத் தண்ணி இல்லீங்க. இந்த எஞ்சினையே வறுத்துச் சாப்பிடுங்க."

"மிளகா காயுதே புள்ள!"

"மிளகா போனா அடுத்த வருசம் போட்டுக்கலாம். ஊத்து செத்தா தாழை வருமா, மயிலு வருமா? நான் மட்டும் இங்க எதுக்கு? எங்கப்பா வீட்டு வாசல்ல காவேரி ஓடுது. முசிறிக்கு பஸ்ஸும் இருக்கு."

அப்பா எஞ்சினை நிறுத்தினார். மீன்களைச் சேற்றுத் தண்ணீரோடு அந்தக் குடத்திலேயே அள்ளி வைத்தோம். விடிந்தபோது ஊற்று சுரந்திருந்தது! மீன்களைக் கூச்சலோடு விட்டோம். அந்த வருடம் கொல்லையில் மழையை நம்பிக் கம்பு விதைத்தார் அப்பா.

ஊற்று சுரந்த அன்று காலை தண்ணீர்க் குடத்தைத் தோளில் சுமந்து வந்தவரும் அவர்தான். ஊரே பார்த்துச் சிரித்தது. முன்னால் அம்மா வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தாள். ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ தேர் பார்த்துவிட்டேன். அந்த நடைக்கு ஈடில்லை.