பின்படிக்கட்டின் அளவு

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்பு அளவு நாடா கிடக்கிறது. அது என் கடைச் சரக்கு அல்ல. ஜாலான் புசார் தெருவில் அப்போது இருந்த என் ஹார்டுவேர் கடையைச் சோதிக்க வந்த தீப்பாதுகாப்பு அதிகாரி விட்டுப்போனது. மறந்து விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம்.

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆணி மூட்டை சுமந்த கடையையே பிறகு விலைக்கு வாங்கினேன். அந்த வரிசையில் அப்படிச் செய்தவன் வேறு எவனும் இல்லை. மாடியில், கட்டுமான வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த எட்டுப் பேரைத் தங்கவைத்திருந்தேன். ஆபத்து என்றால் அவர்கள் இறங்கப் பின்பக்கம் ஒரு குறுகிய படிக்கட்டு. அதில் படிக்குப் படி பெயிண்ட் டின்னும் தின்னரும் அடுக்கியிருப்பேன். சோதனைக்கு ஆள் வந்தால், ஏற்கெனவே சோதனை முடிந்த கடைக்குப் பின்சந்து வழியாகச் சரக்கைக் கடத்திவிடுவது எங்கள் வரிசையின் வழக்கம். அந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவனும் நான்தான்.

அன்று அதிகாரி வந்தபோது படிக்கட்டு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அளந்தார், தலையாட்டினார், போனார். டின்களைத் திரும்ப அடுக்கி நான் வியர்வையைத் துடைக்கும்போது அதே அதிகாரி பின்சந்தில் வந்து நின்றார். யார் சொல்லியிருப்பார்கள்? பக்கத்துக் கடை பாய் மேல்தான் சந்தேகம். பிறகொரு நாள் அவரிடமே கேட்டேவிட்டேன். “ஏண்ணே, உங்க தின்னர் வாசம் சந்து முனை வரைக்கும் அடிக்குது. அதுக்கு நான் வேற போய்ச் சொல்லணுமாக்கும்?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

அன்று பின்சந்தில் நின்ற அதிகாரி சத்தம் போடவில்லை. “அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு மேலேருந்து எறங்கி வாங்க. புகை வந்தா இப்படித்தான் இருக்கும்” என்றார். “என் கடைய்யா இது, தூக்கத்துலயே எறங்குவேன்” என்றேன். மூன்றாம் படியில் டின் இடித்து முழங்காலுக்குக் கீழே கிழிந்தது. தன் கைக்குட்டையால் கட்டுப் போட்டார். மாடியில் ஆள் தங்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நாடா படியிலேயே கிடந்தது.

எட்டுப் பேரும் லாரி ஏறி எங்கோ தூரத்து விடுதிக்குப் போனார்கள். ஏறுமுன் அவர்களுடைய மேஸ்திரி சொன்னார்: “டின்னை எடுக்கச் சொல்லலாம்னு தினமும் நெனப்போம் மொதலாளி. எங்களைப் போகச் சொல்லிடுவீங்களோன்னு பயம்.”

இன்று அந்தக் கட்டடம் சின்ன ஹோட்டல். அதற்காகத்தான் மாடியைக் காலி செய்யவைத்தார்கள் என்று தேக்கா சந்தையில் டீ குடிக்கும்போதெல்லாம் நான் சொல்லிவருகிறேன்.

சென்ற வாரம் புக்கிட் பாத்தோக்கில் என் அடுக்குமாடி வீட்டு வாசலுக்கு நகர மன்றத்துப் பெண் வந்தாள். “அங்கிள், இந்த அலமாரி வழியை மறைக்குது லா. ஸ்ட்ரெச்சர் போகாது. உள்ள எடுத்துடுங்க” என்று, மிச்சமிருக்கும் அகலத்தையும் சொல்லிப் போனாள். எந்த வீட்டுக்காரன் புகார் செய்தானோ! அவள் கணக்கைப் பொய்யாக்க அந்த நாடாவை எடுத்து அளந்தேன். சரியாக இருந்தது. மறுபக்கமிருந்து அளந்தேன். அதே அளவு.

வாசலுக்கு வெளியே பொதுத் தாழ்வாரத்தில் யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். அலமாரி விளிம்பு இடித்தது, பழைய தழும்பின் மேலேயே.

அலமாரியை உள்ளே இழுத்துப் போட்டேன், அந்தப் பெண் சொன்னதற்காக அல்ல. நாடாவை இழுப்பறையில் வைத்தேன். அந்த அதிகாரி அதை மறந்து விட்டுப்போகவில்லை. அது மட்டும் இப்போது நிச்சயம்.