மூன்று பாட்டில் காவிரி

என் சித்தப்பாவோடு எட்டு மாதம் நான் பேசவில்லை. ஜோகுபாளையத்தில் இரண்டே அறை உள்ள வீடு. தட்டில் சோற்றை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுவேன். ஏழாம் வகுப்புக்காரிக்கு இவ்வளவு வீம்பா என்று அம்மா திட்டுவாள். இருந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மலையிலிருந்து இறங்கும் ஆறு பாறையைக் கரைத்து உப்பையும், கரையை அரித்து மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது, போகப் போக இரண்டும் கூடும் என்று பாடத்தில் இருந்தது. கண்ணால் காட்டுகிறேன் என்று சயின்ஸ் மிஸ்ஸிடம் சவால் விட்டுவிட்டேன். சித்தப்பா லாரி ஓட்டுபவர். குஷால்நகரில் காப்பி மூட்டை ஏற்றி ஈரோட்டில் இறக்குவார். குஷால்நகர், ஸ்ரீரங்கப்பட்டணம், ஈரோடு என்று எழுதி ஒட்டி மூன்று பாட்டில் கொடுத்தேன். எதில் மண் குறைவாக இருக்கும், எதில் கூடும் என்று பாடமும் எடுத்தேன். பெரிய மனுஷி! அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

சொல்லி வைத்தாற்போல வந்தன. குஷால்நகர் பாட்டிலின் அடியில் ஒரு சிட்டிகை மண், அடுத்ததில் கொஞ்சம் கூட, ஈரோட்டில் நிறைய. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கண்காட்சியன்று தெளிந்த நீரை மூன்று கிண்ணங்களில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சினேன். முதல் இரண்டிலும் சுண்ணாம்பு அடித்ததுபோல உப்பு கெட்டியாகப் படிந்தது. ஈரோட்டுக் கிண்ணத்தில் லேசாகப் பூத்ததோடு சரி. மிஸ் அடிமண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார். முதல் இரண்டும் எங்கள் மைதானத்துச் செம்மண்ணேதான். மூன்றாவது மட்டும் வழவழவென்று சாம்பல் நிற வண்டல்.

“ஏம்மா, காவிரி கீழேருந்து மேலே ஓடுதா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அறிவியலில் பொய் சொல்வது திருட்டைவிடக் கேவலம் என்று கன்னடத்தில் சொல்லி, என் மேசையைக் காலி செய்ய வைத்தார். பொய் சொன்னது நானா?

வீட்டுக்கு ஓடி வந்து சித்தப்பாவைக் கேட்டேன். “அங்கெல்லாம் எறங்கத் தோதுப்படலம்மா. ரெண்டு பாட்டிலும் நம்ம தெரு போர்லயே புடிச்சுட்டேன்,” என்றார். மண்?

“நீ சொன்ன கணக்குப்படிதான் போட்டேன்.”

சோம்பேறி, புளுகுணி என்று வாய்க்கு வந்ததைக் கத்தினேன். அப்பா கை ஓங்கினார். சித்தப்பா குறுக்கே வந்து தடுத்தார். தடுத்ததற்கும் சேர்த்து அவரை வெறுத்தேன்.

கண்காட்சிக்குச் சில மாதம் முன்புதான், தமிழ்நாட்டுக்குக் காவிரியை விடக் கூடாது என்று எங்கள் ஊர் எரிந்து, தமிழர்கள் அடிபட்டு, அடங்கியிருந்தது. பள்ளி திறந்ததும் எனக்கு அது முடிந்துபோன விஷயம். கல்யாணமாகி ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் நின்றபோதுதான் சுரீரென்று உறைத்தது. தமிழ்நாட்டு நம்பர் லாரியை ஓரங்கட்டி, நாலு பேர் பார்க்க, காவிரித் தண்ணீரை பாட்டிலில் மொண்டு வா என்று, அந்த வருடத்தில், ஒரு தமிழனை நான் ஏவியிருக்கிறேன். ஈரோட்டில்தான் அவரால் இறங்க முடிந்திருக்கிறது.

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் என் சித்தப்பா எதற்கும் பயப்படாதவர் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவள் நான். அந்த மனுஷன் தெருமுனைக்குப் போய்ப் பம்பை அடித்து, இரண்டு பாட்டிலுக்கும் நான் சொன்ன அளவு பிசகாமல் மண்ணைப் போட்டிருக்கிறார்.