குடித்தது செம்பருத்தியா, அரளியா

வீட்டு வாசலில் செம்பருத்தி வைப்பதா அரளி வைப்பதா என்று எனக்கும் மனைவிக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு வரவே இல்லை. ஆகவே இரண்டையும் வைத்தோம். கேட்டுக்கு வலப்பக்கம் அவளுடைய செம்பருத்தி, இடப்பக்கம் என்னுடைய அரளி. இரண்டும் சிவப்பு.

நான் அரளிக் கட்சியில் சேர்ந்ததற்குக் காரணம் ரசனை அல்ல, சோம்பேறித்தனம். செங்கல்பட்டைத் தாண்டிப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுத்திட்டில், லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு, ஏனென்று கேட்க ஆளில்லாமல் வருஷம் பூராவும் பூக்கிற செடி அது. ஆடு வாய் வைக்காது. ஒரு கிளையை ஒடித்து நட்டதோடு என் வேலை முடிந்தது. செம்பருத்தியோ ஒரு நாள் தண்ணீர் மறந்தால் இலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். மாவுப்பூச்சி வரும், வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டும். இத்தனைக்கும் காலையில் மலர்ந்த பூ சாயங்காலம் சுருண்டுவிடும்.

"இவ்ளோ செல்லம் குடுத்தா நானும்தான் பூப்பேன்" என்றேன் ஒருமுறை.

"நீங்க பூத்தா எவன் வந்து பறிப்பான்?" என்றாள்.

எனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதால் செம்பருத்திப் பூவைக் காயவைத்து டீ போட்டுக் குடிக்கும் பழக்கம் வந்தது. அரளி சாமி படத்துக்கு. படத்தில் வாடிய அரளியையும் அவள் வீணாக்குவதில்லை; செல்போனில் யாரோ சொல்லிக்கொடுத்தபடி காயவைத்துப் பொடித்து சாம்பிராணி செய்வாள். இரண்டு பூவும் மொட்டைமாடியில் இரண்டு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் காயும். போன வாரம் திடீரென்று காற்றும் மழையும் வந்தபோது அவள் கடைக்குப் போயிருந்தாள். நானே வீரமாக மாடிக்கு ஓடித் தட்டுகளைத் தூக்கிவந்து, பூக்களை இரண்டு பாட்டில்களில் அடைத்து வைத்தேன். பாராட்டுகூடக் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் எங்கள் தெருப் பெண்கள் வேன் வைத்துத் திருவிடந்தை கோயிலுக்குக் கிளம்பினார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைய வேண்டுதல். அப்படியே மாமல்லபுரத்தில் கடலும் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். மனைவி புடவை கட்டிக்கொண்டிருந்தபோது நான் அந்தச் செம்பருத்தி பாட்டிலை முதல்முறையாகத் திறந்து டீ போட்டு, ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு திண்டில் சாய்ந்து பேப்பர் படித்தேன். வேன் போய்விட்டது. டம்ளரைக் கழுவப் போனபோதுதான் வடிகட்டியைப் பார்த்தேன்.

ஓர் இதழ் முழுசாகத் தங்கியிருந்தது. அதன் அடியில் கத்தரியால் நறுக்கிவிட்டதுபோல நூல் நூலாகப் பிசிறு. செம்பருத்திக்குப் பிசிறு கிடையாது. அரளிக்கு உண்டு.

செம்பருத்தி ஊறினால் கொழகொழவென்று வரும், அது எனக்குத் தெரியும். வடிகட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தேய்த்தேன். கொழகொழத்தது. உயிர் வந்தது. இன்னொரு துண்டைத் தேய்த்தேன். காகிதம் மாதிரி இருந்தது. வந்த உயிர் திரும்பிப் போய்விட்டது.

செல்போனில் தேடினேன். அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. வாந்தி வரும், நாடி தளரும், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று போட்டிருந்தது. படித்து முடிப்பதற்குள் குமட்டியது. வடிகட்டியிலிருந்த சக்கையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். எதிரே நின்ற ஆட்டோ மஞ்சளாகத் தெரிந்தது. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது மஞ்சள் ஆட்டோதான் என்று நினைவு வரச் சற்று நேரம் பிடித்தது.

ஆட்டோக்காரர் பக்கத்து வீடு. "இன்னா அண்ணாத்த, மூஞ்சி வெளுத்துப்போய் கீது?"

"பெரியாஸ்பத்திரிக்கு வுடு. அரளி குடிச்சிட்டேன்."

அவர் என்னையும் பூட்டிய வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் அண்ணாத்த? அண்ணி எதுனா சொல்ட்டாங்களா?"

"டீன்னு நெனச்சிக் குடிச்சிட்டேம்பா!"

"சரி, சரி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், குந்து" என்றவர், வழியில் சிக்னலில் நின்ற இன்னொரு ஆட்டோவிடம், "அரளி கேஸு, வழி வுடு மச்சான்!" என்று கத்தினார்.

எங்கள் ஊர்ப்பக்கம் அரளி குடித்தவன் தெரியாமல் குடித்தான் என்று யாரும் நம்பியதில்லை. அவசரப் பிரிவில் நர்ஸ் நம்பவில்லை. அங்கே இருந்த போலீஸ்காரர் நம்பவே இல்லை. "வூட்ல எதுனா தகராறா?" என்றார்.

பயத்தில் எனக்கு வாய் அடங்காது. "கல்யாணமானவன் யார் வூட்ல சார் இல்ல?" என்றேன். அவர் எழுத ஆரம்பித்தார். "சார், அது தமாசு, எழுதாதீங்க" என்றேன். அதையும் எழுதினார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "விதையா, வேரா, பூவா?" என்றார்.

"பூதாங்க. ஆனா எந்தப் பூன்னுதான் தெரியல."

கையோடு கொண்டுபோயிருந்த சக்கையை நீட்டினேன். கிளறிப் பார்த்துவிட்டு, "வெந்ததுக்கு அப்புறம் என்னத்தச் சொல்றது? அரளின்னே வெச்சுக்கிட்டுப் பார்ப்போம்" என்றார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நாடித் துடிப்பைக் கோடாகக் காட்டும் பெட்டி ஒன்றில் மாட்டினார்கள். விஷத்தை உறிஞ்சுமென்று கரித்தூளைக் கரைத்து ஒரு குவளை கொடுத்தார்கள். குடித்ததும் பல்லும் உதடும் கறுத்து, ரோடு போட்டு முடித்த ஆள்போல ஆனேன்.

மனைவிக்குப் போன் போட்டேன். அலைச் சத்தம் காதை அடைத்தது.

"இன்னா? கேக்கல!"

"ஆஸ்பத்திரில கீறேன்! காலைல குடிச்ச டீ..."

"டீ போட்டு ஃபிளாஸ்க்ல வெச்சிக்கினு குடிங்க, நான் வர லேட்டாவும்!"

ஆட்டோக்காரர் போனைப் பிடுங்கி, "அண்ணி, அண்ணாத்த அரளி குடிச்சிட்டாரு!" என்றார். அது மட்டும் அலையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சேர்வதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. நாடி சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஒரு வேன் பெண்களும் காலில் கடல் மணலோடு வார்டு வாசலில் குவிந்தார்கள். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் கறுத்த வாயைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. டீல அரளி கலந்துபோச்சு. நல்ல வேள, நீ அந்த டீய தொடமாட்ட" என்றேன்.

அவள் பக்கத்துக் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"இன்னா?" என்றேன்.

"பாத்திரத்துல மிச்சம் இருந்திச்சு. கீழ ஊத்த மனசு வரல. வேன் ஏற்றதுக்கு முன்னால குடிச்சிட்டேன்." பிறகு, "வேன்ல ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன். வண்டி குலுக்கல்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்கு அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பாத்திரத்தில் அடியில் தங்கியதெல்லாம் அவள் பங்கு. "டாக்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் என் நெஞ்சு ஒயர் ஒன்று பிடுங்கிக்கொண்டது.

அவளுக்கும் ஒயர், அவளுக்கும் கரி. என் பெட்டியின் திரையில் கோடு மளமளவென்று ஓடியது. அவளுடையதில் ஒரு மேடு வந்து, நின்று யோசித்து, பிறகுதான் அடுத்த மேடு வந்தது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் ஸ்லோவா இருக்கு. மருந்து போடறோம், பார்ப்போம்" என்றார்.

ஏதாவது தமாசு சொல்லி அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. அந்தக் கோட்டைவிட்டுக் கண்ணை எடுத்தால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. எடுக்கவில்லை. மேடு. இடைவெளி. மேடு.

"அப்பிடிப் பாக்காதீங்க, பயமா கீது" என்றாள் அவள், கறுத்த உதட்டோடு.

இருட்டும் நேரத்துக்கு இடைவெளிகள் குறைந்தன. விடிந்தபோது இரண்டு கோடும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடின. அவளுக்கு அரளி கொஞ்சம் கூடவே போயிருக்கும், எனக்குச் செம்பருத்திதான் அதிகம் வந்திருக்கும் என்றார் டாக்டர். மறுநாளும் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

திரும்பும்போது அதே ஆட்டோ. "போன ஒடனே அரளிய வேரோட புடுங்கிடறேன்" என்றேன்.

"செடி இன்னா பண்ணிச்சு பாவம்? அது பாட்டுக்கு சாமிக்குப் பூக்குது. பாட்டில்ல போட்ட கையத்தான் வெட்டணும்" என்றாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"ரோட்ல போறவன்லாம் பாக்குறான். இன்னா புதுசா? வுடுங்க."

விடவில்லை. விரலுக்கு அடியில் ஒன்று துடித்தது. பிறகு இன்னொன்று. அடுத்தது வருவதற்காகக் காத்திருந்தேன்.